டூப்புக்கு ஒரு வரி

எங்கள் வீட்டுக் கதவுக்கு வாய் அதிகம். நான் வேலை முடிந்து வந்து கட்டைவிரலை வைத்ததும், "வணக்கம், சவரிமுத்து. தங்கள் நம்பக மதிப்பெண் நானூற்றுப் பன்னிரண்டு" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுத்தான் திறக்கும். எதிர்வீட்டில் கீரை ஆய்கிற அம்மாள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்டவர் மாதிரி உச்சுக் கொட்டுவார். கதவின் சத்தத்தைக் குறைக்க வழி இருக்கிறது. அதற்கு ஐந்நூறு மதிப்பெண் வேண்டும்.

ஆயிரத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் இதற்கே எனக்கு பாஸ் போட்டிருக்கிறார்கள். ஆனால் கடன், வாடகை, கரண்ட் பில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மனிதனுக்கு மார்க் போடுகிற இந்தக் காலத்தில், ஐந்நூறுக்குக் கீழே இருப்பவனுக்கு ஓட்டலில்கூட முதலில் பில் வரும், பிறகுதான் இட்லி வரும்.

நான் திண்டுக்கல்லில் லிஃப்ட் மெக்கானிக். ஊரை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. என் சொந்த விஷயத்தில் இறக்குவதோடு நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் வந்தார். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சவரி. இன்சூரன்ஸ்காரன் விட மாட்டேங்குறான். அறுநூறுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு, பாத்துக்கங்க."

அவர் போனதும் பிலோமினா தையல் மெஷினின் சக்கரத்தை நிறுத்தினாள். அவளுடைய கடையே இந்த வீட்டின் முன்னறைதான். இருபது வருஷமாகச் சேர்த்த வாடிக்கை. அறுநூறுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வீடு கொடுக்கிற இடம் பைபாஸுக்கு அந்தப் பக்கம். அங்கே ஜாக்கெட் தைக்கக் கொடுக்க ஆள் வராது. தண்ணி லாரியே யோசித்துத்தான் வரும்.

"எல்லாம் உங்க ஆளால வந்தது" என்றாள்.

'உங்க ஆளு' என்றால் காசிமாயன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. அவன் பெயரை அவள் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. நான் அவனோடு பேசியும் அவ்வளவு வருஷம் ஆகிறது.

ஏழு வருஷத்துக்கு முன் காசி, மின்சார ஆட்டோக்களுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கிற நிலையம் வைக்கப் புறப்பட்டான். பதினான்கு லட்சம் கடன். ஜாமீனுக்கு நான். உலகத்தில் எல்லாமே விரல் ரேகையாகிவிட்டது, ஜாமீன் மட்டும் இன்னமும் காகிதத்தில்தான், மையில்தான். மனுஷன் கை நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அன்றைக்கு வங்கியில் ஒரு மேசையும் காலி இல்லை. காசி படிக்கட்டிலேயே குனிந்து, "இந்தாடா மேசை" என்றான். யாரிடமோ பேனா இரவல் வாங்கி அவன் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினேன். அவனுக்குக் கூச்சம். சிரித்துக் குலுங்கினதில் என் கையெழுத்தின் கடைசி எழுத்து மேலே ஏறி மாடு முட்டின மாதிரி ஆகிவிட்டது. காகிதத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. நண்பன் முதுகில் வைத்து யார் படிப்பார்கள்?

எட்டாம் மாதம் சந்தையில் பேட்டரியின் அளவே மாறிப்போனது. காசி வாங்கி அடுக்கியிருந்த அறுபது பேட்டரியும் எந்த வண்டியிலும் பொருந்தவில்லை. கடன் என் தலையில் வந்து உட்கார்ந்தது. கட்டினேன், பாதியில் தவறினேன், மார்க் போனது. ஒரு கல்யாண வீட்டில், பந்தி நடுவில், இருநூறு பேர் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் எதிரே வந்தால் நான் போனைப் பார்ப்பேன். சார்ஜ் இல்லாத போனைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இனி மறுவாய்ப்புச் சட்டம். மனிதனை ஒரே ஒரு சறுக்கலை வைத்து எடைபோடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதில் பிறந்தது. அதற்கான அலுவலகத்தை ஊரே 'மார்க்கு ஆபீஸ்' என்று சொல்லும். என் விண்ணப்பம் ஃபர்சானா என்ற பெண் அதிகாரியிடம் போனது. இருபத்தெட்டு வயதிருக்கும். என்னை மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிற பொறுமை முகத்தில் தெரிந்தது.

"உங்கள மாதிரியே ஒரு ஆளை உள்ள உருவாக்குவோம் சார்" என்று கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினார். "ஏழு வருஷத்துக்கு முந்தைய நீங்க. அதே புத்தி, அதே சம்பளம், அதே ஊரு."

"அதே தொப்பையுமா?"

"அப்ப இருந்த தொப்பை சார், கொஞ்சம் கம்மியா இருக்கும். அவரு உள்ள ஏழு வருஷம் வாழ்வாரு. நமக்கு இங்க நாப்பது நிமிஷம். கடைசில அவருக்கு என்ன மார்க் வருதோ, அதான் இனிமே உங்க வரலாறு. பழசு கோப்புல மட்டும் கிடக்கும், கணக்குல வராது."

"அந்த டூப்புக்கு நடக்கப்போறது தெரியுமாம்மா?"

"தெரியாது. ஆனா நீங்க ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பலாம். 'என்னமோ மனசுல பட்டுச்சு'ன்னு சொல்வோம்ல, அந்த மாதிரி அவருக்கு அப்பப்ப தோணும். கடன் வாங்குனவருக்கு ஒரு வாய்ப்பு, ஜாமீன் போட்டவருக்கு மூணு."

"எங்களுக்கு மட்டும் ஏன் மூணு?"

"ஜாமீன் போடுறவங்க லேசுல திருந்துறதில்லன்னு புள்ளிவிவரம் சார்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் தடவை நான் எழுதிக்கொடுத்த வரி: 'யாருக்கும் ஜாமீன் போடாதே.' கல்வெட்டில் வெட்டலாம், அவ்வளவு தெளிவு. நாற்பது நிமிஷம் கழித்து ஃபர்சானா திரையைத் திருப்பினார். நானூற்று ஒன்பது. இருந்ததிலும் மூன்று குறைவு.

"போட்டுட்டானா?"

"போட்டுட்டாரு சார். உங்க வரி ஞாபகத்துக்கு வந்துருக்கு. 'யாருக்கும்னா ஊரான்களுக்கு. காசி எப்படி யாரோ ஆவான்?'னு அவரே சமாதானம் சொல்லிக்கிட்டாரு."

எனக்கு டூப்பின் மேல் கோபம் வந்தது. என்ன வாதம் இது, என்னைப் போலவே பேசுகிறான்!

அடுத்த வாரம் இரண்டாவது தடவை. சந்துபொந்து இல்லாமல் எழுதினேன்: 'காசிமாயனுக்கு ஜாமீன் போடாதே.' இந்த முறை டூப்பு நிஜமாகவே காசியின் முகத்துக்கு நேராக, "என்னால முடியாதுடா" என்று சொல்லிவிட்டானாம். சொல்லிவிட்டு வங்கிப் படியில் இறங்கிப் பதினொரு அடி நடந்திருக்கிறான்.

"பன்னெண்டாவது அடி?" என்றேன்.

"திரும்பிட்டாரு சார்."

"காசி ஏதாவது சொன்னானா? அழுதானா?"

"இல்ல. 'சரிடா, வெயில்ல நடந்து போகாத, பஸ்ல போ'ன்னு சொன்னாரு. பழைய பதிவுகளை வச்சு அவரு எப்படிப் பேசுவாருன்னு பெட்டியே கணக்குப் போடும். அவ்வளவுதான் சொன்னாரு."

அப்படித்தான் சொல்வான். அவன்தான் அப்படிச் சொல்வான்.

மூன்றாவது தடவைக்கு மாதம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று பிலோமினா தானே வரியைச் சொன்னாள். "உங்களுக்குப் புத்தி சொன்னா ஏறாது. என்னாகும்னு சொல்லணும். எழுதுங்க. 'கையெழுத்துப் போட்டால் பிலோமினாவின் தையல் மெஷின் தெருவுக்கு வரும்.' ஒரு எழுத்து மாத்தாதீங்க."

மாற்றவில்லை.

நாற்பது நிமிஷம் ஆனது. ஃபர்சானா திரையைத் திருப்பினார். எழுநூற்று முப்பத்தொன்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் ஜாமீன் போடவில்லை! டூப்பு திருந்திவிட்டான்! பிலோமினாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மெஷின் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாதாவே" என்று ஒரே ஒரு சொல். ஃபர்சானாவுக்கு நன்றி சொல்லி, வெளியே வந்து, லிஃப்டில் ஏறி, பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. பழுதாகி நின்ற லிஃப்ட், நீ கையே வைக்காமல் தானாக ஓட ஆரம்பித்தால், அதில் ஏறாதே. நின்றதன் காரணம் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. ஓடுவதன் காரணம் தெரிந்தாக வேண்டும். நாற்பத்தாறு வயது வரை எந்த நண்பனுக்கும் 'இல்லை' சொல்லத் தெரியாத ஒருவன், ஒரு தையல் மெஷினை நினைத்துத் திருந்திவிட்டானா? அவனை எனக்குத் தெரியும். தினமும் அவனுக்குத்தான் சவரம் செய்கிறேன்.

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எப்படிம்மா ஓடுச்சு?"

ஃபர்சானா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கூட்டு அறிக்கை சார். நீங்க கேட்டா நான் காட்டணும். யாரும் கேக்குறதில்ல, மார்க்கைப் பாத்ததும் ஓடிருவாங்க."

"கூட்டுன்னா?"

"ஒரே கடன்ல உள்ள ரெண்டு பேரும் விண்ணப்பிச்சா, ரெண்டு டூப்பையும் ஒரே பெட்டிக்குள்ள விடுவோம். நீங்க விண்ணப்பிச்சதும் கடன் வாங்குனவருக்கும் தகவல் போகும், போன வாரம் காசிமாயன் சார் வந்தாரு. இந்தத் தடவை உள்ள இருந்தது பெட்டி போட்ட கணக்கு இல்ல, அவரோட சொந்த டூப்பு."

"அவன் என்ன வரி சொல்லி அனுப்பினான்?"

அவர் படித்தார். "'சவரியிடம் கேட்காதே.'"

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார்.

"அவருக்கு இருந்தது ஒரே வாய்ப்பு சார். நான் எடுத்துச் சொன்னேன். 'வேற அளவு பேட்டரி வாங்கு'ன்னு ஒரு வரி அனுப்புங்க, கடன் அடைஞ்சுரும், ரெண்டு பேருமே மேல வந்துரலாம்னு. 'அந்தத் தடவையும் நான் வேற எதுலயாச்சும் கோட்டை விட்டா, அவனும் சேந்து விழுவானேம்மா. என் மேல எனக்கே ஜாமீன் போட முடியாதும்மா'ன்னாரு."

"அப்ப என் டூப்பு, முடியாதுன்னு சொல்லவே இல்லையா?"

"உங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே சார்." அடுத்த பக்கத்தைத் தட்டினார். "இன்னொண்ணும் பதிவாகியிருக்கு. காசிமாயன் சார் முகம் வாடிக் கெடந்ததைப் பாத்து நீங்களே அவரு வீட்டுக்குப் போயிருக்கீங்க. 'பணம் வேணுமாடா? ஜாமீன் வேணுமா?'ன்னு நாலு தடவை கேட்டுருக்கீங்க. அவரு நாலு தடவையும் வேணாம்னுட்டாரு. கையெழுத்து விழாததால விதிப்படி மார்க் குறையல. ஆனா உண்மையச் சொன்னா, மூணாவது தடவையும் நீங்க திருந்தல சார்."

"தையல் மெஷின் ஞாபகம் வரலையா?"

"வந்துருக்கு. 'தெருவுக்கு வந்தா வரட்டும், திருப்பித் தூக்கி உள்ள வச்சுக்கலாம்'னு சொல்லியிருக்கீங்க."

இதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. இனியும் உத்தேசமில்லை.

"அப்புறம் உள்ள ஏழு வருஷம் என்னதான் நடந்துச்சு?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். கடன் இல்ல, சண்டை இல்ல. தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிருக்கீங்க. ரெண்டாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் டீ. காசு யாரு குடுக்குறதுன்னு பாதி நாள் மல்லுக்கட்டு." அவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. "பெட்டிய நிறுத்தும்போதும் அங்கதான் இருந்தீங்க."

"டீ குடிச்சு முடிச்சிருந்தோமா?"

"அதப் பத்தி அறிக்கைல இல்ல சார்."

உயிருள்ள எவனைப் பார்த்தும் நான் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. பெட்டிக்குள் இருந்த அந்த முட்டாளைப் பார்த்துப் பட்டேன்.

"காசிக்கு இப்ப எவ்வளவு மார்க்?"

"இல்ல சார்."

"எவ்வளவு இல்ல?"

"மார்க்கே இல்ல. முன்னாடி முந்நூறு இருந்துச்சு. டூப்பு கடனே வாங்காததால இப்ப அவருக்கு வரலாறே கிடையாது. முந்நூறு எடுத்தவரக்கூட எங்க சிஸ்டம் ஆளுன்னு ஒத்துக்கும். வரலாறு இல்லாதவருக்கு சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன்கூடத் தராது. அவரு இப்ப இஸ்திரி போட்டுப் பொழைக்கிறாரு, வண்டி வாடகை வண்டியாம். ஒண்ணாம் தேதி திருப்பி எடுத்துக்குவாங்க."

"இது தெரிஞ்சுமா எழுதிக்குடுத்தான்?"

"படிச்சுக் காட்டித்தான் சார் கையெழுத்து வாங்கினேன். ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்."

"இதுக்கு வழியே இல்லையா?"

ஃபர்சானா மேசை இழுப்பறையைத் திறந்தார். காகிதம் தயாராக மேலேயே இருந்தது. "அறிமுகக் கையெழுத்து. அறுநூறுக்கு மேல உள்ள யாராச்சும் 'இவரை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு'ன்னு போட்டா, ஐந்நூறுல இருந்து ஆரம்பிக்கலாம். போடுறவருக்கு நூறு கழியும். காசிமாயன் சார் நாளைக்குத் தவறினா மிச்சமும் போகும். யாராச்சும் இருக்காங்களான்னு அவருகிட்டக் கேட்டேன். யாருமில்லன்னாரு."

எழுநூற்று முப்பத்தொன்றில் நூறு போனால் அறுநூற்று முப்பத்தொன்று. வீடு தங்கும். வாழ்க்கையில் முதல் முறையாகக் கணக்கு எனக்குச் சாதகமாக வந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கதவு, "வணக்கம், சவரிமுத்து அவர்களே. எழுநூற்று முப்பத்தொன்று!" என்றது. 'அவர்களே' புதிது. எதிர்வீட்டு அம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

பிலோமினா பாயசம் வைத்திருந்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தெருவுக்கு வருகிற மெஷினைத் தவிர எல்லாவற்றையும். காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள், பின்பக்கம் திருப்பி அங்கேயும் படித்தாள். பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தாள்.

பாயசத்தில் ஆடை கட்டிவிட்டது.

"இந்த ஆறு வருஷமும் என் ஜாக்கெட் எல்லாம் யாரு இஸ்திரி போட்டதுன்னு தெரியுமா?" என்றாள்.

"யாரு?"

"காசியண்ணன் வண்டிலதான். கஸ்டமர் துணிக்கு மடிப்பு அவர மாதிரி யாருக்கும் வராது. நான் நேர்ல போனதில்ல, பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் குடுத்து விடுவேன். அவருக்குத் தெரிஞ்சா காசு வாங்க மாட்டாரு." எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மைப்பேனாவை எடுத்து வந்து என் பையில் செருகினாள். "போன தடவ மாதிரி எவன்கிட்டயாவது இரவல் வாங்கிட்டு நிக்காதீங்க. தூக்குல பாயசம் ஊத்தித் தரேன், கொண்டு போங்க."

'உங்க ஆளு' ஆறு வருஷத்துக்குப் பிறகு 'காசியண்ணன்' ஆகியிருந்ததை நான் சுட்டிக்காட்டவில்லை. சில சமயம் எனக்கும் விவரம் உண்டு.

காசியின் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. வாடிக்கையாளர் உட்கார வரிசையாகப் பேட்டரிகள் போட்டிருந்தான். அறுபதில் மிச்சம் நாலு. எதற்கும் பொருந்தாத பேட்டரி, மனிதன் உட்காரப் பொருந்திவிட்டது. என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. நானும் போனைத் தேடவில்லை.

"மார்க்கு வந்துருச்சாடா?" என்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் கேட்டது அதுதான்.

"வந்துச்சு. உனக்கு எதுக்குடா இந்த வேல? யாருமில்லன்னு சொன்னியாமே ஆபீஸ்ல?"

அவன் ஒரு சட்டைக் காலரை இழுத்து நேராக்கினான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "அன்னைக்குப் பந்தில நீ பேசுனதுல தப்பு ஒண்ணும் இல்லடா."

"இருந்துச்சு. ரசம் வர்றதுக்குள்ள எழுப்பிவிட்டுட்டேன்."

அவன் உதடு கோணியது. நான் காகிதத்தைப் பிரித்தேன். பார்த்ததும் பின்வாங்கினான்.

"வேணாம் சவரி. வேணாம்டா. கொண்டு போயிரு."

"நாலு தடவை வேணாம்னுட்ட. பெட்டிக்குள்ள. இது அஞ்சாவது."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் மேசைமேல் கிடந்த துணிகளை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணினான், வந்த ஆள் போக மாட்டான் என்று தெரிந்தவன் மாதிரி. "சரி, படிச்சாவது பாத்தியா?"

"பிலோமினா படிச்சுட்டா. ரெண்டு பக்கமும். மேசை வேணாம். குனிடா."

"என்னது?"

"குனிடான்னா."

குனிந்தான். முதுகில் காகிதத்தை வைத்துப் பேனாவை அழுத்தினேன். முதல் இரண்டு எழுத்து நேராக வந்தது. பிறகு முதுகு குலுங்க ஆரம்பித்தது. கூச்சமா, வேறெதுவுமா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. என் கண்ணாடியும் அப்போது தெளிவாக இல்லை.

மறுநாள் ஃபர்சானாவிடம் காகிதத்தை நீட்டினேன். கடைசி எழுத்து மேலே ஏறி, மாடு முட்டின மாதிரி இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா, கொஞ்சம் கோணிருச்சு. மெஷின் ஒத்துக்கலன்னா வேற தாள் குடுங்க, மேசைல வச்சுப் போட்டுத் தரேன்."

அவர் அதை இயந்திரத்துக்குள் விட்டார். அது ஏழு வருஷத்துக்கு முந்தைய கையெழுத்தைத் தேடி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"அப்படியே ஒத்துப்போகுது சார்" என்றார் ஃபர்சானா. முதல் முறையாகச் சிரித்தார். "துளிகூட மாறல."